அண்ணன் கொண்டுவந்த கிட்டார்

என் பெரியண்ணன் சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். 1974இல் விடுமுறையில் வந்தபோது அவர் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் கொண்டுவந்தார். எனக்கு வாசிக்க வராது, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதோடு சரி. அண்ணன் காலமாகிப் பதினோரு வருடம் ஆகிறது. நான் அரசு வேலையில் ஓய்வு பெற்று, மகனோடு இருக்க மண்ணரைக்கு வந்தபோது அந்தக் கிட்டாரும் என்னோடு வந்தது.

போன மாதம் என் பேரன் அதை எடுத்து வாசித்துப் பார்த்தான். "சத்தம் நல்லால்ல தாத்தா. ஒரே இரைச்சல். கட்டையைக் கொஞ்சம் குடைஞ்சு பெரிய பிக்கப் வெச்சா சூப்பரா இருக்கும்" என்றான். 'குடைஞ்சு' என்றதும் எனக்கு நெஞ்சில் ஏதோ குத்தியது. ஆனாலும், பெட்டிக்குள் கிடப்பதைவிட அவன் வாசிப்பது நல்லதல்லவா? பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டேன்.

மகன் சின்னதாக நிட்டிங் யூனிட் நடத்துகிறான். அன்று சாயங்காலம் அங்கே போனேன். ஒரு மெஷினில் துணி குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தது. ஃபிட்டர் நூலின் டென்ஷனைச் சரிசெய்தார், பட்டை போய்விட்டது. அடுத்த மெஷினில் நெடுக ஒரு கோடு. "இது ஊசி போயிருச்சுங்க. என்ன திருகினாலும் நிக்காது, மாத்தோணும்" என்றார். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

பேரனிடம் சொன்னேன்: "முதலில் திருகிச் சரியாவதை எல்லாம் திருகிப் பார். மிச்சத்தை அப்புறம் பேசலாம்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்தோம். துருப்பிடித்த கம்பிகளைக் கழற்றிப் புதுக் கம்பி போட்டான். கம்பியின் உயரத்தைச் சரிசெய்தான். பிக்கப்பில் இருப்பது காந்தமாம். கம்பிக்கு ரொம்ப நெருங்கினால் அது கம்பியை இழுத்து, சுரம் நடுங்குமாம். திருகைச் சுற்றிக் கொஞ்சம் இறக்கினான். பன்னிரண்டாம் கட்டில் வைத்த சுரம், திறந்த கம்பியின் சுரத்துக்குச் சரியாக மேல்ஸ்தாயியாக இருக்கிறதா என்றும் பார்த்தான். செலவு கம்பிக்கு மட்டும்தான். வாசித்தபோது அண்ணன் கையில் கேட்ட அதே நாதம். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனால் இரைச்சல் போகவில்லை. அது ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பு. வீட்டு மின்சாரத்தின் ரீங்காரத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். இது ஊசி மாற்றுகிற கதை.

மாற்றுவது பாவமில்லை. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் என்ன செய்தார்? மேல்நாட்டு மாண்டலினில் நான்கு ஜோடியாக எட்டுக் கம்பிகள். ஜோடிக் கம்பியில் கமகம் நன்றாக வராது என்று, ஒற்றைக் கம்பிகளாக ஐந்து போட்ட எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டார். எத்தனை திருகியிருந்தாலும் அந்தக் கமகம் வந்திருக்காது.

கடைசியில் பேரனே வழி கண்டுபிடித்தான். ஒற்றைச் சுருள் அளவிலேயே, உள்ளே இரண்டு சுருள் வைத்த பிக்கப் கிடைக்கிறதாம். கட்டையைத் தொட வேண்டாம். முப்பது வருடம் ஃபைல் பார்த்தவன் நான். தப்பை அடித்துத் திருத்தலாம், ஆனால் அடித்தது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும். சுரண்டி எடுக்கக் கூடாது. சம்மதித்தேன்.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'அக்கோர்தே' என்றொரு சொல் சொல்லிக்கொடுத்தார்கள். சுருதி சேர்ப்பதற்கும் அதுதான், ஒருவர் கேட்டதைச் சம்மதித்துக் கொடுப்பதற்கும் அதுதான். அர்த்தம் இந்த வயதில்தான் புரிந்தது.

பழைய பிக்கப்பை ஒரு கவரில் போட்டு, தேதியும் அண்ணன் பெயரும் எழுதி, கிட்டார் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். யாருக்காவது பழைய இரைச்சல் வேண்டுமென்றால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம்.