வெற்று நிலம் என்றொன்று உண்டோ?

மரம் நடுவது அறம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நட்ட மரங்களை வெட்டி வீழ்த்துவதே அறமாகும் ஓரிடத்தை ஸ்காட்லாந்தின் வடகோடியில் கண்டேன்.

கேத்னஸ், சதர்லாந்து பகுதிகளில் ஏறத்தாழ 4,000 சதுர கிலோமீட்டர் பரந்து கிடக்கிறது 'ஃப்ளோ கன்ட்ரி' என்னும் சதுப்புவெளி. குளிரும் ஈரமும் மிகுந்த அந்நிலத்தில் ஸ்பாக்னம் என்னும் பாசி மடிந்தாலும் முழுதாய் மக்குவதில்லை. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே படிந்து, 'பீட்' எனப்படும் கரிய மண்ணாகிறது. சில இடங்களில் அதன் ஆழம் 10 மீட்டர். பனியுகம் கழிந்த நாள்தொட்டு அது காற்றில் கலவாது காத்துவரும் கரிமம் சுமார் 40 கோடி டன்.

கணக்கேட்டின் கண்ணுக்கோ அது பயனற்ற வெளியாகவே தோன்றிற்று. 1980களில் வரிச்சலுகையை நாடிய செல்வர்கள் அங்கே ஊசியிலை மரங்களை நடுவதற்குப் பணம் இட்டனர். நிலம் உழப்பட்டது, வடிகால்கள் வெட்டப்பட்டன, நீர் வடிய, பாசி மடிந்தது. திறந்த வெளியில் தரைமீதே கூடு கட்டும் பொன்னிற உப்புக்கொத்தியும், டன்லினும், நம் கோடியக்கரையும் குளிர்காலத்தில் அறியும் பச்சைக்காலியும் இடமிழந்தன. மரங்களில் மறைவிடம் கண்ட காகமும் நரியும் முட்டைகளைத் தேடி வர, காட்டின் எல்லைக்கு அப்பாலும் அப்பறவைகள் ஒதுங்கின.

1988இல் அச்சலுகை நீக்கப்பட்டது. பறவைப் பாதுகாப்புக்கான அரச சங்கம் 1995இல் ஃபார்சினார்டில் நிலம் வாங்கியது. பின்னர் மரங்களை வெட்டி, வடிகால்களை அடைத்து, நீரை மீண்டும் தேக்கத் தொடங்கியது.

அங்கே கற்பலகை பதித்த பாதையில், கரிய சிறு குளங்களுக்கு இடையே ஒரு கோடை நாளில் நடந்தேன். மனிதக் குரல் எதுவும் இல்லை. உப்புக்கொத்தியின் துயர்தோய்ந்த ஒற்றைச் சீழ்க்கை மட்டும் கேட்டது. நெடுநேரம் நின்றும் பறவையைக் காண இயலவில்லை. அது வாழும் வெளியின் நிறமே அதன் நிறம்.

2024 ஜூலையில் புதுதில்லியில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு அவ்வெளியைத் தன் பட்டியலில் சேர்த்தது. பீட் சதுப்பு என்பதற்காகவே அப்பெருமை பெற்ற முதல் நிலம் அது.

மரம் நட்ட கைகள் கொடிய கைகள் அல்ல; வெற்றிடத்தை நிரப்புவதாகவே பலர் எண்ணியிருக்கக்கூடும். படைப்பில் ஓரிடத்தை வெறுமை என்று தீர்ப்பிடுமுன், அங்கே ஏற்கெனவே குடியிருப்பவர் யார் என்று கேட்க வேண்டாமா? ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டராய் வளர்ந்த மண்ணைக் கலப்பை ஒரே நாளில் கிழித்துவிடும். அதை ஆற்றப் பல பத்தாண்டுகள் வேண்டும். ஃபார்சினார்டில் அந்தப் பொறுமையான பணி இன்றும் நடைபெறுகிறது.