ஒரு பெட்டி, இரண்டு சர்வர்

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கு திரும்பினாலும் ஆஸ்பத்திரி, லேப், ஆடிட்டர் ஆபீஸ். பல இடங்களில் ஏ.சி. அறை மூலையில் மூன்று டவர்: டாலிக்கு ஒன்று, ஃபைலுக்கு ஒன்று, கைரேகை வருகைப்பதிவுக்கு ஒன்று. மூன்றும் முக்கால்வாசி நேரம் சும்மாதான் ஓடுகின்றன. கரண்ட் பில்லைப் பார்த்துப் புலம்புகிற முதலாளி லைசென்ஸ் பில்லைப் படிப்பதில்லை.

*

விண்டோஸ் சர்வர் 2016 முதல் லைசென்ஸ் கோர் கணக்கு. மெஷினில் எட்டே கோர் இருந்தாலும் 16க்குக் காசு கட்ட வேண்டும். அப்படி வாங்கிய ஸ்டாண்டர்ட் எடிஷனில், ஒரே பெட்டிக்குள், இரண்டு வி.எம். (மெய்நிகர் மெஷின்) ஓட்டிக்கொள்ளலாம். இது தெரியாமல் இரண்டு பெட்டி, இரண்டு லைசென்ஸ் வாங்கியவர்கள் நிறைய. அடியில் ஓடும் ஹைப்பர்-வி அந்த வி.எம்.களை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். "பிரிண்டர் ஷேரிங் மட்டும்தானுங்களே" என்று அதன் தலையில் ஏற்றினால் இரண்டில் ஒன்று போச்சு. மூன்றாவது விண்டோஸ் வி.எம். கேட்டால் எல்லா கோருக்கும் மறுபடி பணம்.

*

மலிவாகக் கிடைக்கிறதென்று 16 கோர் பிராசசர் இரண்டு போட்ட பழைய சர்வரை வாங்காதீர்கள். 32 கோருக்கும் லைசென்ஸ் எடுக்கணும். சின்ன ஆபீஸுக்குக் கோர் குறைவாக, வேகம் கூடுதலாக இருப்பதே லாபம்.

*

பழைய டவரை அப்படியே வி.எம். ஆக்கலாமா? டெக்னிக்கலாக முடியும். ஆனால் பெட்டியோடு வந்த ஓ.இ.எம். லைசென்ஸ் பெட்டியோடுதான் சாகும்.

*

ஃபைல் சர்வருக்கு விண்டோஸே வேண்டாம். லினக்ஸ் வி.எம்.மில் சம்பா போதும். விண்டோஸ் சர்வருக்குப் போல ஆளுக்கு ஒரு கால் (CAL) லைசென்ஸும் அதற்குக் கிடையாது. ஐ.ஏ.எஸ். அதிகாரி உமாசங்கர் தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தில் இருந்தபோது, 2006-07 வாக்கிலேயே, அதன் மெஷின்களை சூஸே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டினார். டாலியை மட்டும் விண்டோஸிலேயே விட்டுவிடுகிறேன். கணக்குப்பிள்ளையோடு சண்டை போட முடியாது. நாலு பேர் ரிமோட்டில் உள்ளே வந்து டாலி பார்க்க வேண்டுமென்றால் அதற்கான ஆர்.டி.எஸ். கால் தனி. கொட்டேஷனில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த வரிதான்.

*

ஹைப்பர்-விக்குப் பதிலாக வி.எம்.வேர் போடலாமே என்பார்கள். 2023 நவம்பரில் பிராட்காம் அதை வாங்கியது. டிசம்பரிலேயே நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றது. அதன் இலவசப் பதிப்பான இ.எஸ்.எக்ஸ்.ஐ. 2024 பிப்ரவரியில் போய், 2025 ஏப்ரலில் திரும்பி வந்தது. இப்படிப் போய்வருகிற இலவசத்தை நம்பி ஒரு லேப் ரிப்போர்ட்டை வைக்க மனசு வரவில்லை. அதே வேலையைச் செய்யும் வியன்னாக்காரர்களின் ப்ராக்ஸ்மாக்ஸ் திறந்த மூலம். சப்போர்ட் வேண்டுமென்றால் மட்டும் பணம்.

*

எல்லாம் ஒரே பெட்டிக்குள் வந்துவிட்டால், அது படுத்தால் ஆபீஸே படுக்கும். பேக்கப் வேறு மெஷினில், தினமும். அந்த இரண்டாவது மெஷினுக்குக் காசு இல்லை என்கிற ஆபீஸில் நான் வேலை எடுப்பதில்லை.