பிரான்சிலும் ஒரு பருத்தித்துறை

கோடை விடுமுறை வந்தால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த வழி இரண்டு. ஒன்று, சுவிசிலோ லண்டனிலோ இருக்கிற சொந்தக்காரர் வீடு. மற்றது, லாச்சப்பலில் சாமான் வாங்கி, பிள்ளையார் தேருக்குப் போய், மிச்ச நாளுக்கு நித்திரை கொள்வது. நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். 2024 ஆகஸ்டில்தான் முதல் தடவையாக மனைவியையும் எட்டு வயது மகளையும் கூட்டிக்கொண்டு பிரான்சின் மேற்குக் கரையில் உள்ள ஒரு தீவுக்குப் போய் நான்கு நாள் நடந்து திரிந்தேன். ஓ.எல். சோதினையோடு படிப்பை விட்டவன் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தீவின் பெயர் பெல் ஈல். அழகான தீவு என்று அர்த்தம். பிரெத்தாஞ் மாகாணத்துத் தீவுகளுக்குள் இதுதான் பெரியது. பெரியது என்றாலும் நீளம் இருபது கிலோமீற்றருக்குள்தான், அகலம் கூடிய இடத்தில் ஒன்பது. நிரந்தரமாக இருக்கிற சனம் ஐயாயிரத்துச் சொச்சம்.

ஏன் இந்தத் தீவு என்று கேட்பீர்கள். நான் மரக்கறி வெட்டிப் பைகளில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. உள்ளே எப்போதும் நாலு பாகை குளிர். என்னோடு அதே மெசினில் நிற்கிற பிரெஞ்சுக்காரர் ஒருவர் பிரெத்தாஞ் பக்கம். நான் புங்குடுதீவில் பிறந்தவன் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவர் என்னை "தீவுக்காரன்" என்றே கூப்பிடுவார். "உன் தீவைச் சுற்றி நடக்க எத்தனை நாள் செல்லும்? எத்தனை துறைமுகம் இருக்கு?" என்று தேத்தண்ணி நேரத்தில் கேட்பார். நான் சிரித்து மழுப்பிவிடுவேன்.

மழுப்பியதற்குக் காரணம் உண்டு. 1991இல் இராணுவம் வந்து தீவுப்பகுதிச் சனம் முழுக்க வெளிக்கிட்டபோது எனக்கு வயது மூன்று. பிறகு யாழ்ப்பாணம், பிறகு வன்னி. ஊர் எனக்கு அம்மா சொன்ன கதைதான். 2010இல் பிரான்சுக்கு வந்து அகதி விசாரணைக்குப் போனபோது அங்கிருந்த அலுவலரும் இதே கேள்வியைத்தான் கேட்டார். உங்கள் தீவில் படகு ஏறும் இடங்கள் எவை, எந்தப் பக்கம் எந்தக் கிராமம், ஒரு படம் கீறிக் காட்டுங்கள் என்றார். தெரியாது, சின்ன வயதில் வெளிக்கிட்டேன் என்றேன். மொழிபெயர்த்தவர் "தெரியாது" என்பதை மட்டும் சொன்னாரோ என்னவோ, வந்த கடிதத்தில் நான் அந்த ஊர் ஆள் என்பது நம்பும்படியாக இல்லை என்று எழுதியிருந்தது. மேல்முறையீட்டில் காட் கிடைக்க இன்னும் இரண்டு வருடம் சென்றது. அந்தக் கதை இங்கு பலருக்கும் உள்ளதுதான். கூட எழுதவில்லை.

பாரிஸ் மொன்பர்னாசில் அதிவேக றெயில் ஏறினால் ஏறக்குறைய மூன்று மணித்தியாலத்தில் ஓறே. அங்கிருந்து கிபெரோன் வரைக்கும் கோடையில் மட்டும் ஒரு சின்ன றெயில் ஓடுகிறது. ஒடுங்கிய தரைத்துண்டின்மேல் போவதால் சில இடங்களில் இரண்டு பக்கமும் கடல் தெரியும். மகள் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் ஓடி ஓடிப் பார்த்தார்கள். எனக்கு அம்மா சொல்கிற வேலணைத் தாம்போதிதான் மனதில் வந்தது. கிபெரோனில் இருந்து கப்பல் முக்கால் மணித்தியாலம். இறங்குகிற இடம் லு பலே. துறைமுகத்துக்கு மேலே வோபான் என்ற பதினான்காம் லூயியின் பொறியியலாளர் திருத்திக் கட்டிய பெரிய கோட்டை. எங்கள் யாழ்ப்பாணக் கோட்டை மாதிரி முனை முனையாக மதில்.

நாங்கள் தங்கியது கூடார முகாமில். "முகாமோ?" என்று மனைவி முதலில் முகம் சுளித்தா. 2009இல் செட்டிகுளத்தில் இருந்தவ. விரும்பிப் போய்க் காசு கொடுத்துக் கூடாரத்தில் படுப்பதை அவவுக்கு விளங்கப்படுத்த எனக்கு இரண்டு கிழமை எடுத்தது. இரண்டாம் நாள் காலை மகள் கூடாரத்துக்குள் இருந்து சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்த பிறகு அந்தக் கதை எடுக்கவில்லை.

முதல் நாள் சோஸோன் என்ற மீன்பிடித் துறைக்குப் போனோம். கடல் நிலத்துக்குள் நீளமாக நாக்கு நீட்டினது போல ஒரு துறை. காலையில் வள்ளங்கள் எல்லாம் மிதந்தன. பின்னேரம் வந்து பார்த்தால் தண்ணீரைக் காணவில்லை. வள்ளங்கள் சேற்றில் இருக்கின்றன. சிலவற்றுக்கு விழாமல் இரண்டு பக்கமும் கால் கொடுத்திருந்தார்கள். எங்கள் பக்கம் வற்றுப்பெருக்கு என்றால் முழங்கால் அளவு வித்தியாசம். இங்கே பெரிய வற்று நாட்களில் ஐந்து மீற்றர் வரை ஏறி இறங்குமாம். துறைமுகத்தில் ஒவ்வொரு நாளின் நேரமும் எழுதி ஒட்டியிருக்கும். பக்கத்தில் 20க்கும் 120க்கும் இடையில் ஒரு எண் இருக்கும். எண் கூடினால் கடல் அன்றைக்குக் கூடுதலாக ஏறி இறங்கும். இதைப் பார்க்காமல் பிள்ளைகளோடு கற்களுக்குள் இறங்கவேண்டாம்.

தீவைச் சுற்றி முழுக்க ஒரு ஒற்றையடிப்பாதை இருக்கிறது. எண்பது கிலோமீற்றருக்கு மேல். இப்படியான பாதைகள் பிரெஞ்சுக் கரை எங்கும் உண்டு. கள்ளக்கடத்தல்காரரைப் பிடிக்கச் சுங்கக்காரர் இரவு பகலாக ரோந்து போன பாதைகள். வல்வெட்டித்துறை ஆட்கள் வாசித்தால் சிரிப்பார்கள். பிறகு 1976இல் ஒரு சட்டம் வந்தது. கடலோரத்துக் காணி யாருடையது என்றாலும் கரையை ஒட்டி மூன்று மீற்றர் அகலம் நடக்கிறவனுக்கு விடவேண்டும். பெரிய பங்களாக்காரனும் வேலியைத் தள்ளித்தான் போடவேண்டும். கடற்கரை என்றாலே முட்கம்பியும் காவலரணும் என்று வளர்ந்த எனக்கு, யாரும் மறிக்காமல், அடையாள அட்டை கேட்காமல், நாள் முழுக்கக் கரையால் நடந்தது புதினமாக இருந்தது. முதல் நாள் இரண்டு தடவை பொக்கற்றைத் தடவிக் காட் இருக்கிறதா என்று பார்த்தேன்.

நடை லேசு என்று நினைக்கவேண்டாம். வரைபடத்தில் கிட்டத் தெரிவது காலுக்குத் தூரம். பாதை மேட்டில் ஏறும், உடனே ஒரு பள்ளத்தில் இறங்கும். பள்ளத்தின் அடியில் ஒரு சின்னக் குடா, நாலு பாய் விரிக்கிற அளவு மணல். பிறகு திரும்ப ஏற்றம். நான் புதுச் சப்பாத்துக்குக் காசு செலவழிக்க மனமில்லாமல் தொழிற்சாலையில் தந்த இரும்பு முனைச் சப்பாத்தோடு போனேன். இரண்டாம் நாள் குதிக்கால் இரண்டும் கொப்புளம். மனைவி சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அந்தக் குடாக்களில் முக்கால்வாசிக்கும் "போர்" என்றுதான் பெயர் தொடங்குகிறது. போர் தொனான், போர் கெரெல், போர் ஆந்துரோ. பிரெஞ்சில் துறை என்று அர்த்தம். போய்ப் பார்த்தால் பல இடத்தில் ஒரு தோணி கூட இல்லை. எப்போதோ யாரோ அங்கே வள்ளம் இழுத்திருக்கிறார்கள், பெயர் நின்றுவிட்டது. எங்கள் காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை எல்லாம் இப்படித்தானே என்று மனைவிக்குச் சொல்லிக்கொண்டு நடந்தேன்.

மூன்றாம் நாள் தொனான் கடற்கரையில் இருந்து தெற்கே நடந்தோம். தொனானில் குளிக்க ஆசைப்பட்டால் கொடி நட்ட எல்லைக்குள் மட்டும் இறங்குங்கள். நீரோட்டம் இழுக்கும். இரண்டு மணித்தியாலம் நடந்து ஒரு முனையில் நின்றால் கடலுக்குள் கறுப்புப் பாறைகள் ஊசி ஊசியாக நிற்கின்றன. குளோட் மொனே என்ற பெரிய ஓவியர் 1886இல் இந்தத் தீவுக்கு வந்து ஏறத்தாழ நாற்பது படம் கீறினார். இந்தப் பாறைகள்தான் அதில் பெயர்போனவை. அலை அடித்து நுரை கட்டி, பாறை இடுக்கில் வெள்ளையாகப் பொங்கி நின்றது. காற்றுக்கு அதில் துண்டுகள் மேலே பறந்து வந்தன. மகள் பலகையில் இருந்த பெயரை வாசித்தாள். போர் கொத்தோன்.

"அப்பா, கொத்தோன் எண்டால் பஞ்சு."

பஞ்சு, பருத்தி எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லி முடிக்கவில்லை, மனைவி என் கையைப் பிடித்தா. "இஞ்சாருங்கோ, பருத்தித்துறை!"

அவ பருத்தித்துறை ஆள். முனைப்பக்கம். நுரை பஞ்சு மாதிரி இருப்பதால் இவர்கள் பெயர் வைத்தார்கள். அங்கே பருத்தி ஏற்றி இறக்கிய துறை என்பதால் பெயர் வந்தது என்பார்கள். காரணம் வேறு, பெயர் ஒன்று. இன்னொரு புதினம், இங்கேயும் கிட்டடியில் வெளிச்சவீடு நிற்கிறது. 1836இல் ஏற்றியது. உடனே ரெலிபோனில் மாமியைக் கூப்பிட்டு வீடியோவில் காட்டினோம்.

"அம்மா, இஞ்சையும் ஒரு பருத்தித்துறை இருக்கு, பாருங்கோ."

மாமி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தா. "அப்ப அங்கையும் தட்டை வடை விக்கினமோ?" என்றா. மனைவி பாரிசில் இருந்து சுட்டுக் கொண்டுவந்த வடைப் பையைத் தூக்கிக் காட்டினா. மூன்று பேரும் பாறைமேல் இருந்து அதைத்தான் சாப்பிட்டோம். அன்றைக்கு மனைவி அந்த இடத்தை விட்டு எழும்ப நேரம் எடுத்தது. 2015இல் வெளிக்கிட்டவ, அதற்குப் பிறகு ஊர் போகவில்லை.

வடக்கு முனையில் சாரா பேர்னார் என்ற நாடக நடிகை 1894இல் ஒரு பழைய கோட்டையை வாங்கிக் கோடையில் வந்து இருந்தாராம். அழகான இடம்தான், ஆனால் சனம் கூட. லு பலேயில் கோட்டைக்குப் பக்கத்தில் முந்திச் சிறுவர் சிறைச்சாலை ஒன்று இருந்தது. 1934 ஆகஸ்டில் அடி தாங்காமல் ஐம்பதுக்கு மேற்பட்ட பொடியன்கள் ஓடினார்கள். தீவில் இருந்து எங்கே ஓடுவது? ஒரு பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தால் 20 பிராங் என்று அறிவித்தார்கள். ஊர்ச்சனத்தோடு சுற்றுலா வந்தவர்களும் சேர்ந்து தேடினார்கள். நாங்கள் நடந்த அதே பாறைகளுக்குள்தான் அந்தப் பிள்ளைகளும் ஒளித்திருப்பார்கள். மகளுக்கு இதைச் சொல்லவில்லை.

கடைசி நாள் லொக்மரியாவுக்குப் பஸ்சில் போய், அங்கிருந்து போர் ஆந்துரோவுக்கு நடந்தோம். வழியில் தண்ணீர் முடிந்துவிட்டது. ஒரு வீட்டு வளவில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்த வயதான அம்மாவிடம் கேட்டோம். போத்தலை நிரப்பித் தந்துவிட்டு எந்த நாடு என்றார். சொன்னேன். அகதியாகவா வந்தீர்கள் என்றார். ஓம் என்றேன். "நாங்களும் அப்படித்தான் வந்தோம்" என்றார். நான் போலந்தோ ஸ்பெயினோ என்று நினைத்தேன். "1765இல்" என்றார்.

அவர் சொன்னதும், பிறகு நூலகத்தில் நான் தேடி வாசித்ததும் இது. கனடாவின் நோவா ஸ்கோஷியா முந்தி அக்காடி என்ற பிரெஞ்சுக் குடியேற்றம். 1755இல் ஆங்கிலேயர் அந்தச் சனத்தை வீடுகளை எரித்துக் கப்பலில் ஏற்றிக் கலைத்தார்கள். ஒரு பகுதியினர் இங்கிலாந்துத் துறைமுகங்களில் ஏழு வருடம் கைதிகளாகக் கிடந்தார்கள். 1763இல் சமாதானம் வந்த பிறகு பிரான்சுக்குக் கொண்டுவரப்பட்டு, 1765இல் அவர்களில் 78 குடும்பங்களுக்கு இந்தத் தீவில் காணியும் மாடும் குதிரையும் கொடுத்துக் குடியேற்றினார்கள். பலர் சில வருடங்களில் விட்டுப் போய்விட்டார்கள். மண் பிடிக்கவில்லையோ, ஊர்ச்சனத்தோடு ஒத்துவரவில்லையோ. இருந்தவர்களின் வம்சம் இன்னும் இருக்கிறது.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு விஷயம். இவர்களின் பிறப்பு, கலியாணப் பதிவுகள் எல்லாம் அக்காடியில் அழிந்து போயின. ஆகவே 1767இல் மாகாண நீதிமன்றத்தின் கட்டளைப்படி, ஒவ்வொரு குடும்பத் தலைவரும் பாதிரியார் முன்னால் வந்து, தன் அப்பன் யார், பாட்டன் யார், எந்த ஊர், யாரை எங்கே கட்டினார்கள், கப்பலில் யார் செத்தார்கள் என்று வாயால் சொல்லவேண்டும். கூட வந்த அகதிகள் சாட்சி. சொன்னதை அப்படியே எழுதிப் பதிவாக்கினார்கள். தாள் ஒன்றும் கேட்கவில்லை. படம் கீறச் சொல்லவும் இல்லை.

நான் இதை மனைவிக்குத் தமிழில் சொன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உங்களுக்கும் கொம்மாவைக் கேட்டு எழுதியிருக்கலாம்" என்றா.

போர் ஆந்துரோ நல்ல மணல் குடா. 1761 ஏப்ரலில் ஆங்கிலப் படை முதலில் இறங்கப் பார்த்து அடிவாங்கின இடம். அதே மாதம் வேறு பக்கத்தால் ஏறித் தீவைப் பிடித்து இரண்டு வருடம் வைத்திருந்தார்கள். அக்காடிக்காரர் வந்தது அவர்கள் போன கையோடு. மகள் சிப்பி பொறுக்கினாள். நான் மணலில் இருந்து கிளிநொச்சிக்கு அம்மாவைக் கூப்பிட்டேன்.

"அம்மா, எங்கட தீவைச் சுத்தி வந்தால் என்னென்ன வரும்? ஒண்டொண்டாச் சொல்லுங்கோ."

"இப்ப ஏன்டா அது?"

"சும்மா சொல்லுங்கோ."

அம்மா தாம்போதியில் தொடங்கினா. மடத்துவெளி, வல்லன், இறுப்பிட்டி, கடற்கரையில் கண்ணகி அம்மன் கோயில், நயினாதீவுக்கு வள்ளம் ஏறுகிற குறிகட்டுவான். எந்த இடத்தில் நல்ல தண்ணிக் கிணறு, எங்கே உவர், எங்கே அப்பு நண்டு பிடித்தார், எந்தக் கரையில் சாதாளை ஒதுங்கும் என்று அரை மணித்தியாலம் சொன்னா. இடையில் பிழைத்துத் திரும்பத் தொடங்கினா. மகள் தன் கொப்பியில் ஒரு முட்டை வடிவம் கீறி, நான் சொல்லச் சொல்லப் பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதினாள். குறிகட்டுவானுக்கு மூன்று தரம் வெட்டி எழுதினாள். வல்லனை எந்தப் பக்கம் போடுவது என்று அம்மாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். பற்றறி முடிந்து ரெலிபோன் நின்றுவிட்டது.

போக விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல். ஆகஸ்ட் என்றால் றெயிலுக்கும் கப்பலுக்கும் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே ரிக்கற் எடுங்கள். கார் ஏற்றுவது வீண் செலவு, உள்ளே பஸ் ஓடுகிறது. குடிதண்ணீரும் நல்ல சப்பாத்தும் கட்டாயம். வடையும் கொண்டுபோங்கள், தீவில் சாப்பாட்டு விலை பாரிசை விடக் கூட.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு வேலை தொடங்கியது. தேத்தண்ணி நேரத்தில் அந்தப் பிரெஞ்சுக்காரர் வந்து "என்ன தீவுக்காரா, எத்தனை துறைமுகம் பார்த்தாய்?" என்றார். மகளின் கொப்பித் தாளை விரித்துக் காட்டினேன். "இது பெல் ஈல் இல்லையே" என்றார்.