2.24 மீட்டர்

உங்க இன்பாக்ஸ்லயும் அந்த மெயில் வந்திருக்கும். வெளிநாட்டுக்குத் தன்னார்வலராப் போங்க, கிராமத்துக் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பயிற்சி கொடுங்க, ரெண்டே வாரம். கூடவே ஒரு போட்டோ: புல்வெளி, சுத்தி நின்னு சிரிக்கிற குழந்தைகள், நடுவுல புது டி-ஷர்ட்ல ஒரு காலேஜ் பையன். இன்னும் கீழே போனா பங்கேற்புக் கட்டணம் இருக்கும். பிளைட் டிக்கெட் தனி.

போன வருஷம் எங்க கிளாஸ் குரூப்ல அந்த லிங்க் வந்தப்போ நானும் கடைசி வரி வரைக்கும் படிச்சேன். ட்ரிப்பிள் ஈ, மூணாம் வருஷம், காலேஜ் வாலிபால் டீம். பாஸ்போர்ட் வேற புதுசா எடுத்து வச்சிருந்தேன். ரெஸ்யூமேல போட்டா நல்லா இருக்குமேன்னு தோணவே இல்லைன்னு சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க.

போகலை. காசு ஒரு காரணம். இன்னொரு காரணம், அவ்வளவு பெரிய பக்கத்துல ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. பதினஞ்சாவது நாள் அந்தக் குழந்தைங்க யார்கிட்ட விளையாடக் கத்துக்குவாங்க?

வெளியில இருந்து வந்து சொல்லிக்கொடுக்கிறதே தப்புன்னு சொல்ல வரலை. அப்படிப் பார்த்தா நாம ஆடுற வாலிபாலே வந்த விளையாட்டுதான். 1895-ல் அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊர் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் கண்டுபிடிச்சது. அதே ஒய்.எம்.சி.ஏ. வழியா ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னைக்கு வந்தார். அவர் நினைச்சிருந்தா நாலு டீமுக்கு கோச்சிங் கொடுத்து, கப் வாங்கி, கப்பல் ஏறியிருக்கலாம். அவர் 1920-ல் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்க ஒரு பள்ளி ஆரம்பிச்சார். இன்னைக்கு நந்தனத்தில் இருக்கிற ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்வியியல் கல்லூரி அதுதான். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணியோட போனவரும் அவரே. ஆனா எனக்குப் பெருசாத் தெரியறது ஒலிம்பிக் இல்லை. உங்க ஸ்கூல் பி.டி. சார் எங்க படிச்சார், அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்க படிச்சார்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. ரெண்டு மூணு தலைமுறை பின்னாடி போனா நந்தனம் வர நல்ல வாய்ப்பு இருக்கு.

நம்ம காலத்து ஆள் வேணும்னா ஃப்ரான்ஸ் காஸ்ட்லர். இவரும் அமெரிக்கர். ஜார்க்கண்டில் ராஞ்சி பக்கம் ஒரு கிராமத்துல இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனவர்கிட்ட ஒரு பொண்ணு ஃபுட்பால் ஆடணும்னு கேட்டுச்சு. 2009-ல் 'யுவா' அமைப்பு அப்படித்தான் தொடங்குச்சு. 2013-ல் அந்தக் கிராமத்துப் பெண் குழந்தைகள் ஸ்பெயின் வரைக்கும் போய் ஆடினாங்க. பாஸ்போர்ட்டுக்காகப் பிறப்புச் சான்றிதழ் கேட்டுப் போன இடத்துல அவங்களை அடிச்சு, தரையைக் கூட்ட விட்டாங்கன்னு அப்போ செய்தி வந்துச்சு. 2019-ல் லாரியஸ் விருது. இதெல்லாம் கூகுள் பண்ணாலே கிடைக்கும். நான் நிறுத்திப் படிச்சது வேற ஒரு விஷயம்: அங்கே சின்னப் பொண்ணுங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது, அதே ஊர்ல ஆடி வளர்ந்த பெரிய பொண்ணுங்க.

இனி நம்ம ஊர்க் கதை.

வேடசந்தூர் ரோட்டுல இருந்து உள்ளே போகிற ஒரு ஊர். பேர் வேண்டாம், அந்தப் பொண்ணுங்களுக்கு அது நல்லது. எங்க என்.எஸ்.எஸ். ஏழு நாள் முகாம் அங்கதான் நடந்துச்சு. பகல்ல கருவேலம் வெட்டினோம், குளத்துக் கரையில குப்பை பொறுக்கினோம். சாயங்காலம் கோயில் பொட்டல்ல பசங்க வாலிபால் ஆடுவாங்க. நம்ம பக்கத்து ஊர் எதுலயும் ரெண்டு கம்பும் ஒரு நெட்டும் இருக்கும், உங்களுக்கே தெரியும். பொண்ணுங்க தண்ணித் தொட்டி பக்கம் குடத்தோட நின்னு பார்ப்பாங்க. குடம் ரொம்ப நேரத்துக்கு முன்னாடியே நிறைஞ்சிருக்கும்.

அரை மணி நேரம் பொட்டலைக் கேட்டேன். "இவளுகளா அக்கா? நெட்டைத் தாண்டி பந்து போகாதுக்கா" என்றான் ஒருத்தன். அவன் சொன்னது பாதி சரி. அந்த நெட் 2.43 மீட்டர்ல கட்டியிருந்துச்சு, ஆண்கள் உயரம். பெண்களுக்கு 2.24. பத்தொன்பது சென்டிமீட்டர்தான், ஆனா பதிமூணு வயசுப் பொண்ணுக்கு அது மாடி மாதிரி. டேப் வச்சு அளந்து, கோயில் சுவருக்கு அடிச்ச காவி மிச்சம் இருந்ததை எடுத்து, ரெண்டு கம்புலயும் ஒரு கோடு போட்டோம். கோடு போட்டவன் யாருன்னா, பந்து போகாதுன்னு சொன்ன அதே தம்பி. அன்னைக்கு எட்டு சர்வீஸ் தாண்டிப் போச்சு. நான் எண்ணலை, அவங்க எண்ணினாங்க.

முகாம் முடிஞ்ச பிறகும் சனி, ஞாயிறு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுல கரூர் பஸ் ஏறிப் போக ஆரம்பிச்சேன். நாலு மணியில இருந்து அஞ்சரை வரைக்கும் பொண்ணுங்க, அதுக்கப்புறம் பசங்க. இந்த ஒப்பந்தம் வாங்கவே மூணு வாரம் ஆச்சு. அண்டர்ஹேண்ட் பாஸ் கத்துக்கொடுக்கிறது அதைவிட சுலபம். துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டிட்டு, முழங்காலை மடக்கி, கையைச் சேர்த்து நில்லுன்னா ஒரு வாரத்துல வந்துரும். செருப்பில்லாம ஆடுறாங்களே, முள் குத்துமேன்னு நான்தான் பயந்தேன். அவங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை.

கஷ்டம் வேற இடத்துல இருந்துச்சு. ஒரு அம்மா நேராவே கேட்டாங்க: "பத்தாவது முடிச்சா மில்லு வேன்ல ஏத்தி விட்ருவோம் தாயி. அவ அக்காளும் அங்கதான் போறா. பந்து அடிச்சு என்னத்த ஆகப் போகுது?" விளையாட்டு விடுதி, விளையாட்டுக் கோட்டான்னு நான் தெரிஞ்சதைச் சொன்னேன். அது எல்லாருக்கும் கிடைக்காதுங்கிறதையும் சொன்னேன். அந்த அம்மா தலையை ஆட்டினாங்க. அதுக்கு சரின்னு அர்த்தமா, போதும்னு அர்த்தமா, இன்னைக்கு வரைக்கும் எனக்குப் பிடிபடலை.

அப்புறம் டீம்லயே நல்லா செட் பண்ற பொண்ணு ஒருத்தி வரலை. ஒரு வாரம், ரெண்டு வாரம். வயசுக்கு வந்துட்டா, இனிமே குதிக்கக் கூடாதுன்னு அவ அப்பத்தா சொல்லிட்டாங்களாம். அவங்க வீட்டுக்கு நான் போயிருந்தா என்ன நடந்திருக்கும்? உட்கார வச்சு டீ கொடுத்து, மரியாதையா பஸ் ஏத்தி விட்டிருப்பாங்க. டவுன்ல இருந்து வர்ற காலேஜ் பொண்ணு, இன்னைக்கு வருவா, நாளைக்கு வேலை கிடைச்சா போயிருவா. அவங்க அப்படி நினைச்சா அதுல என்ன தப்பு? ஏப்ரல்ல நான் ஃபைனல் இயர் முடிக்கப் போறேன்.

போனது டீம்ல இருக்கிற பிளஸ் டூ பொண்ணு. அந்த அப்பத்தா அவளுக்குத் தூரத்துச் சொந்தம். ஒரு சாயங்காலம் முழுக்க அவங்களோட உட்கார்ந்து கடலை உரிச்சிருக்கா. பந்தைப் பத்திப் பேச்சே எடுக்கலையாம். கிளம்பும்போது மட்டும், "நான் பக்கத்துல இருந்து பார்த்துக்கிறேன் அப்பத்தா, விளக்கு வைக்கிறதுக்குள்ள கொண்டுவந்து விட்டுர்றேன்"னு சொல்லியிருக்கா. அடுத்த மாசம் செட்டர் திரும்ப வந்தா. நான் ஆறு வருஷமா வாலிபால் ஆடுறேன். அந்த வேலையை என்னால செய்திருக்க முடியாது.

அன்னையிலிருந்து நான் விசிலை அவ கையில கொடுத்துட்டேன். வார்ம்-அப் அவ நடத்துறா, ரொட்டேஷன் அவ சொல்றா. யார் வீட்ல யாருக்குக் கல்யாணம், யார் எந்த வாரம் வர மாட்டான்னு அவளுக்குத் தெரியும். நான் பக்கத்துல நின்னு முழங்காலை மடக்கு, மடக்குன்னு கத்துறதோட சரி.

உங்களுக்கு வெளிநாட்டு வாய்ப்பு கிடைச்சா போங்க, நான் தடுக்கலை. ஆனா கட்டணம் கட்டுறதுக்கு முன்னாடி அவங்ககிட்ட கொஞ்சம் குடைஞ்சு கேளுங்க. எனக்கு முன்னாடி வந்தவங்க என்ன விட்டுட்டுப் போனாங்க? அந்த ஊர்ல நான் யார்கூட சேர்ந்து வேலை செய்யப் போறேன், அவங்களுக்குச் சம்பளம் உண்டா? நான் கட்டுற காசுல ஊருக்கு எவ்வளவு போகுது? என்னைப் பத்தி எதுவும் விசாரிக்காமலே குழந்தைங்க கூட விடுவீங்களா? கடைசிக் கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தா, மெயிலை மூடிருங்க.

அதுவரைக்கும் திண்டுக்கல்லைச் சுத்தி கோடு போடாத கம்பு நிறைய இருக்கு. பஸ் டிக்கெட் போதும்.

போன மாசம் இன்டர்னல்ஸ். தொடர்ந்து ரெண்டு வாரம் என்னால போக முடியலை. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அந்த பிளஸ் டூ பொண்ணோட அம்மா நம்பர்ல இருந்து வாய்ஸ் மெசேஜ். பின்னாடி ஒரே கத்தல், நடுவுல அவ குரல்: "அக்கா, பம்ப் ஊசி ஒடிஞ்சிருச்சு, பந்துல காத்து இல்ல. காத்தில்லாத பந்தை வச்சே ஆடிட்டு இருக்கோம். சீக்கிரம் ஒண்ணு கொடுத்து விடுங்க."

மறுநாள் பரீட்சை முடிஞ்சதும் நாலு ஊசி வாங்கி, பேப்பர்ல சுத்தி, வழக்கமா நான் போற பஸ் கண்டக்டர் அண்ணன்கிட்ட கொடுத்து விட்டேன்.