மிச்சிகன் கொட்டகையில் ஒரு பழைய டிராக்டர்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துக்குப் போயிருந்தபோது, சிறு பண்ணை ஒன்றின் மரக் கொட்டகையில் ஃபோர்டு 8என் டிராக்டரைப் பார்த்தேன். 1947 முதல் 1952 வரை அதே மாநிலத்தின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் தயாரான வகை. 6 வோல்ட் பேட்டரி. பாசிட்டிவ் முனைதான் எர்த். பனிக்காலத்தில் என்ஜின் ஆயில் இறுகி, செல்ஃப் மோட்டார் திணறும். அதனால் பலர் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள்.

இந்தப் பண்ணைக்காரர் முதலில் பேட்டரியை மட்டும் மாற்றினாராம். காயிலும் பல்புகளும் கருகிவிட்டன. பிறகு முறைப்படி செய்தார்: டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர், நெகட்டிவ் எர்த், 12 வோல்ட்டுக்கு ஏற்ற காயில், பல்புகள். ஆம்பியர் மீட்டரின் இரு ஒயர்களையும் இடம் மாற்றினார். எர்த்தை மாற்றாமல் ஆல்டர்னேட்டரை இணைத்தால் அதன் டயோடுகள் எரிந்துவிடும். செல்ஃப் மோட்டார் பழையதுதான். இப்போது வேகமாகச் சுற்றுவதால் நீண்ட நேரம் அழுத்திப் பிடிப்பதில்லை.

"மாற்றும் முன் கேபிளைப் பார்த்திருக்கணும்" என்றார் அவர். ஒரே வேலைக்கு 6 வோல்ட்டில் இரு மடங்கு கரண்ட் ஓட வேண்டும். மெல்லிய கேபிளும் துருப்பிடித்த எர்த்தும் அதைத் தாங்காது. நம் 12 வோல்ட் வண்டி திணறினாலும், புது பேட்டரி வாங்கும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றி, முனைகளையும் எர்த் போல்ட்டையும் பளிச்சென்று சுரண்டி, இறுக்கிப் பாருங்கள்.