ஜார்ஜ் பெஸ்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

1979 நவம்பரில் எடின்பரோவின் ஹைபர்னியன் கால்பந்துக் கிளப் ஜார்ஜ் பெஸ்டைச் சேர்த்துக்கொண்டது சரிதானா என்ற கேள்வி எனக்கு ஏன் முக்கியமாகப்பட வேண்டும்? நான் பந்தைக் காலால் தொட்டுப் பதினைந்து வருஷங்களுக்கு மேலாகிறது. அதுவும் கல்லூரி மைதானத்தில், கோல்கீப்பராக. வேறு யாரும் அந்த இடத்தில் நிற்க முன்வராததால் எனக்குக் கிடைத்த இடம். ஆனாலும் சில வாரங்களாக இந்த விஷயம் என்னை விடவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

பெஸ்டுக்கு அப்போது 33 வயது. 1968இல் மான்செஸ்டர் யுனைடெட் ஐரோப்பியக் கோப்பையை வென்ற இறுதி ஆட்டத்தில் கோல் போட்டவர். அந்த வருஷமே ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானவர். 1974 ஆரம்பத்தில், 28 வயது நிறைவதற்குள், யுனைடெட்டில் அவர் கதை முடிந்தது. பயிற்சிக்கு வராதது, சொல்லாமல் காணாமல் போவது, குடி. பிறகு லண்டனில் ஃபுல்ஹாம், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ், ஃபோர்ட் லாடர்டேல் என்று அலைச்சல். 1978இல் அவருடைய தாய் இறந்தார். அந்தம்மாளையும் குடிதான் தின்றது. இதையெல்லாம் அறிந்தேதான் ஹைபர்னியன் சேர்மன் டாம் ஹார்ட் அவரை அழைத்தார்.

பத்து அணிகள் ஆடும் லீக். கடைசி இரண்டு அணிகள் கீழே இறங்க வேண்டும். ஹைபர்னியன் அடியில் கிடந்தது. ஒரு ஆட்டத்துக்கு இரண்டாயிரம் பவுண்டு என்று அப்போது பேசப்பட்டது. ஆடினால் பணம், ஆடாவிட்டால் இல்லை. புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று ஹார்ட் நினைத்திருக்க வேண்டும். நவம்பர் 24இல் பெய்ஸ்லியில் செயின்ட் மிரன் அணிக்கெதிராக முதல் ஆட்டம். ஹைபர்னியன் 2-1 என்று தோற்றது. அந்த ஒரு கோல் பெஸ்ட் போட்டது. அடுத்து சொந்த மைதானமான ஈஸ்டர் ரோடில் இருபதாயிரம் பேருக்கு மேல் கூடினார்கள். வழக்கமாக வருகிறவர்களைப் போல் பல மடங்கு.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை எடின்பரோவில் ஸ்காட்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் ரக்பி ஆட்டம். மறுநாள் ஞாயிறு ஹைபர்னியனுக்கு அயர் யுனைடெட் அணியுடன் கோப்பை ஆட்டம். பெஸ்ட் பிரெஞ்சு ரக்பிக்காரர்களோடு உட்கார்ந்து குடித்தார். ஞாயிறன்று ஆடும் நிலையில் இல்லை. ஹார்ட் அவரை நீக்கினார். சில நாட்களில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்.

கடைசியில் அணி கீழே இறங்கியது. மே 3ஆம் தேதி ஈஸ்டர் ரோடிலேயே அபர்டீன் 5-0 என்று ஜெயித்துப் பட்டத்தை வென்றது. அபர்டீனின் மானேஜர் 38 வயது அலெக்ஸ் ஃபெர்குசன். ஹைபர்னியனுக்காக இரண்டு பருவங்களிலும் சேர்த்து பெஸ்ட் ஆடிய லீக் ஆட்டங்கள் 17, கோல்கள் மூன்று.

கணக்கு இவ்வளவுதான். வரவு செலவு பார்ப்பவன் என்ற முறையில், ஹார்ட் நஷ்டப்பட்டார் என்று சொல்லமாட்டேன். டிக்கெட் விற்றது. ஆனால் அவருடைய மானேஜரை நினைத்துப் பார்க்கிறேன். எடி டர்ன்புல், 1955இல் எஸ்ஸன் நகரில் ஐரோப்பியக் கோப்பையில் கோல் போட்ட முதல் பிரிட்டிஷ் ஆட்டக்காரர். அதே கிளப்புக்காக ஆடி, அதே கிளப்பின் மானேஜராகி, 1972இல் லீக் கோப்பையை வாங்கித் தந்தவர். அப்படிப்பட்ட மனிதர், வருவாரா மாட்டாரா என்று தெரியாத ஒருவருடைய பெயரை வாராவாரம் பட்டியலில் எழுத வேண்டியிருந்தது. மீதிப் பத்துப் பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பருவத்தோடு டர்ன்புல்லும் போய்விட்டார்.

இந்த இடத்தில் உடனே எரிக் கான்டனாவை உதாரணம் காட்டுவார்கள். நானும் காட்டியிருக்கிறேன். பிரான்சில் நடுவர் மேல் பந்தை எறிந்துவிட்டு, 1991 டிசம்பரில் ஆட்டமே வேண்டாம் என்று அறிவித்தவர். 1992 நவம்பரில் அவரை லீட்ஸிடமிருந்து 12 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது யுனைடெட். வாங்கியவர் அதே ஃபெர்குசன். கான்டனா இருந்த ஐந்து பருவங்களில் நான்கு பட்டங்கள். 1995 ஜனவரியில் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ரசிகர் ஒருவரை உதைத்து எட்டு மாதம் தடை வாங்கியபோதும், பாரிஸுக்கே போய் அவரைத் திரும்பக் கூட்டிவந்தார் ஃபெர்குசன். ஆகவே திறமைசாலியைச் சேர்க்கலாம், ஆளத் தெரிந்த மானேஜர் இருந்தால் போதும் என்பது வாதம்.

இந்த வாதத்தில் ஒரு சௌகரியமான குழப்பம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. 'தொந்தரவு பிடித்த ஆள்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு மனிதர்களை அடைக்கிறோம். கான்டனாவின் கோபம் வெளியே இருக்கும் ஒன்றின் மேல். பயிற்சி முடிந்த பிறகும் மைதானத்தில் தங்கி, இரண்டு பேரையும் ஒரு கோல்கீப்பரையும் கேட்டு வாங்கி மேலும் பயிற்சி செய்தவர். அவருக்கும் ஆட்டத்துக்கும் நடுவில் எதுவும் இல்லை. பெஸ்டுக்கு இருந்தது வியாதி. 2002இல் கல்லீரல் மாற்று சிகிச்சை நடந்த பிறகும் அது விடவில்லை. 2005 நவம்பரில், 59 வயதில், போய்ச் சேர்ந்தார். முதலாமவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது நிர்வாகப் பிரச்னை. இரண்டாமவரை, அவர் நிலை தெரிந்தே, கூட்டம் சேர்க்க அழைப்பது வேறு ஜாதி விஷயம். ஈஸ்டர் ரோடுக்கு வந்த இருபதாயிரம் பேரில் எத்தனை பேர் ஆட்டத்தைப் பார்க்க வந்தார்கள், எத்தனை பேர் சரிவைப் பார்க்க வந்தார்கள்? எதிரணி ரசிகர்கள் அவர் மேல் பீர் டப்பா எறிந்ததாகவும், அவர் அதை எடுத்துக் குடிப்பதுபோல் பாவனை செய்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். எல்லோரும் சிரித்தார்களாம்.

இனி காரணம். எங்கள் பத்திரிகைக் கூட்டத்தில், வந்திருந்தது ஐந்து பேர், இதழ் நின்றுவிடுமோ என்ற பேச்சு வந்தது. சந்தாக்கள் புதுப்பிக்கப்படவில்லை. நான்தான் அந்தப் பெயரைச் சொன்னேன். பெயர் இங்கே வேண்டாம். அறுபது தாண்டியவர். எனக்குக் கவிதை வாசிக்கக் கற்றுத்தந்தவர். பி.ஏ. ஆங்கிலம் மூன்று வருஷத்தில் தராததை, மாலை நேரத்தில் டீக்கடை பெஞ்சில் தந்தவர். சண்டை போடாத ஆளில்லை, கவிழ்க்காத கூட்டமில்லை. பத்து வருஷமாக ஒரு வரி எழுதவில்லை. அவரிடம் தொடர் கேட்போம் என்றேன். அவர் எழுதித் தருவாரா என்று ஒருவர் கேட்டார். "தராட்டி என்ன, அறிவிப்புப் போட்டாலே நூறு சந்தா வரும்" என்றேன்.

அந்த வாக்கியத்தை நான்தான் சொன்னேன். டாம் ஹார்ட் சொன்னதல்ல.

பத்து நாள் கழித்து அவரே எங்கள் கிளைக்கு வந்தார். மனைவியின் வளையல் ஒன்று, நகைக் கடனுக்கு. அப்ரைசர் உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்த்தார், எடை போட்டார், எழுதினார். கொண்டுவந்தவருடைய நடத்தை பற்றி நகைக் கடனில் யாரும் விசாரிப்பதில்லை. பொருள் எங்கள் பெட்டகத்துக்குள் வந்துவிடுகிறது. திறமையை அப்படி வாங்கிப் பூட்டி வைக்க முடியாது. அதை அந்த ஆளே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போகிறார், எங்கே வேண்டுமானாலும். இதை யோசித்துக்கொண்டே சீட்டை நீட்டினேன்.

"என்னப்பா, என்னைத் திரும்பக் கூப்பிடப் போறீங்களாமே?"

யார் சொன்னார்களோ. "பேசிக்கிட்டிருக்கோம் சார்" என்றேன்.

"ரெண்டு இதழுக்கு எழுதுவேன். மூணாவதுக்கு என்னைத் தேடிக்கிட்டு அலைவீங்க. உனக்குத் தெரியாதா?" பணத்தை எண்ணவில்லை, அப்படியே மடித்து வைத்துக்கொண்டார். இரண்டடி போனவர் திரும்பினார். "அதுக்காகக் கூப்பிடாம இருந்துடாதே."

ஹார்ட் சில நாட்களில் பெஸ்டைத் திரும்பச் சேர்த்ததை நான் முன்பெல்லாம் கோழைத்தனம் என்றே நினைத்துவந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமில்லை. வசூல் ஞாபகம் வந்திருக்கலாம். பாவம் என்று தோன்றியிருக்கலாம். இரண்டையும் பிரிக்க அவருக்கே முடிந்திருக்குமா என்று சந்தேகம்.

வருகிற ஞாயிறு மறுபடியும் கூடுகிறோம். அவரைக் கூப்பிட வேண்டும் என்றே சொல்லப்போகிறேன். ஆனால் அறிவிப்புக் கூடாது, அட்டையில் பெயர் கூடாது. கையெழுத்துப் பிரதி வந்தால் மற்றவர்களுடையதைப்போல் உள்பக்கத்தில் போடலாம். வராவிட்டால் சந்தாதாரர் யாரும் எதையும் இழக்கப்போவதில்லை. நூறு சந்தா வராது. இதழ் நிற்கவும் நிற்கலாம். அப்படியானால் எதற்கு அவர் என்று கேட்பார்கள். அதைவிட, வாராவாரம் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து எழுத்தை வாங்கி வருவது யார் என்று கேட்பார்கள். என் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். காலை ஏழு மணிக்குள் போனால்தான் ஆளைப் பார்க்க முடியும்.