தங்க பெல்ட்டும் கழுத்து எலும்பும்

மாங்கா சீசன்ல தோப்புக் காவலுக்கு ராத்திரி படுக்கப் போனா தூக்கம் வராது. இந்த வருசம் அந்த நேரம் முழுக்க போன்ல பழைய ரெஸ்லிங் வீடியோவா பார்த்துத் தள்ளிட்டேன். அதனால இந்தப் பதிவு பூச்சிமருந்து பத்தியோ மஞ்சளாறு அணைத் தண்ணி பத்தியோ இல்ல. ஒரு பெல்ட்டைப் பத்தி. தொண்ணூறுகள்ல பள்ளிக்கூடம் படிச்ச யாரா இருந்தாலும், கிராமமோ பட்டணமோ, அந்த சீட்டுக்கட்டு விளையாடாம வளர்ந்திருக்க மாட்டீங்க. ரேங்க், உயரம், எடை, நெஞ்சளவுன்னு போட்டிருக்குமே, அதேதான்.

கெங்குவார்பட்டியில எங்க தாத்தா காலத்து ஆளுங்களுக்கு பயில்வான்னா கிங்காங், தாராசிங் ரெண்டே பேருதான். 1968-ல பம்பாய்ல லூ தெஸ்ஸுங்கிற அமெரிக்கரைத் தாராசிங் சாய்ச்சு உலக சாம்பியன் ஆனாரு. பின்னாடி டிவி ராமாயணத்துல அனுமாரா வந்தப்ப, எங்க தெருப் பெரியவங்க அனுமாரைக் கும்பிட்டாங்களா தாராசிங்கைக் கும்பிட்டாங்களான்னு எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

நான் சொல்ல வந்தது அதுக்குப் பின்னாடி வந்த பெரிய தங்க பெல்ட். வேர்ல்ட் ஹெவிவெயிட் சாம்பியன்ஷிப்னு பேரு. இதைச் செஞ்சவரு சார்லஸ் கிரம்ரைன்னு ஒரு வெள்ளி ஆசாரி. அவருக்குப் பழக்கமான வேலையே ரோடியோ வீரங்களுக்கு இடுப்பு பக்கிள் செய்யிறது. ரோடியோன்னா, துள்ளுற காளை முதுகுல எட்டு செகண்டு தாக்குப்பிடிக்கிற விளையாட்டு. நம்ம சல்லிக்கட்டுக்கு ஒண்ணுவிட்ட தம்பின்னு வைங்க. மாடுபிடிக்கிறவன் இடுப்புக்கு நகை செஞ்ச கைதான் மல்யுத்தக்காரனுக்கும் செஞ்சிருக்கு. இது தெரிஞ்சப்ப எனக்கு ஏனோ ரொம்ப சந்தோசம்.

1986-ல ரிக் ஃபிளேர் இடுப்புல அந்த பெல்ட் முதல்ல ஏறுச்சு. சாம்பியன் ஆகுறவங்க 25,000 டாலர் முன்பணம் கட்டணும்னு அங்க ஒரு வழக்கம். 1991-ல கம்பெனிக்கும் ஃபிளேருக்கும் முட்டிக்கிச்சு, வெளிய அனுப்பிட்டாங்க. கட்டின பணம் திரும்பி வரல. மனுசன் என்ன செஞ்சாரு? பெல்ட்டைத் தூக்கிக்கிட்டு எதிர் கம்பெனி டிவியில போய் நின்னு, "நான்தான் நிஜ சாம்பியன்"னுட்டாரு. நம்மூர்ல கோயில் பரிவட்டத்தைத் தலையில கட்டிக்கிட்டு ஒருத்தர் பக்கத்து ஊர் திருவிழாவுல போய் நின்னா என்ன நடக்கும்? அம்புட்டு ரகளையும் அங்க நடந்துச்சு.

அப்புறம் 2001-ல எதிர் கம்பெனி இந்தக் கம்பெனியையே விலைக்கு வாங்கிருச்சு. 2002 செப்டம்பர்ல எரிக் பிஷாஃப் ஒரு பெட்டியைத் திறந்து அதே அச்சு பெல்ட்டை எடுத்து டிரிபிள் எச் கையில கொடுத்தாரு. போட்டி கிடையாது, சண்டை கிடையாது. "இந்தா, நீதான் சாம்பியன்." அம்புட்டுதான். டபிள்யூ.டபிள்யூ.இ.-ல அந்தப் பட்டத்தோட வரலாறு இப்படித்தான் ஆரம்பிக்குது.

"அதெல்லாம் நாடகம்தானே, முன்னாடியே பேசி வச்சிக்கிறாங்கல்ல?" ஆமாங்க, பேசி வச்சதுதான். யார் ஜெயிக்கணும், எப்ப தோக்கணும், எல்லாமே. ஆனா வரிசையாப் பார்த்துட்டு வந்தா ஒண்ணு புலப்படும். இந்தப் பட்டம் எழுதி வச்சபடி கை மாறாத நேரமும் உண்டு.

2006 ஜனவரி. பட்டிஸ்டாவுக்குக் கைத்தசை கிழிஞ்சது, பட்டத்தை விட்டாரு. 2007 மே. அண்டர்டேக்கருக்கும் கைத்தசை, பட்டம் எட்ஜ் கைக்கு மாறுச்சு. ரெண்டே மாசம், எட்ஜுக்கு நெஞ்சுத்தசை கிழிஞ்சு அவரும் இறங்கினாரு. காலியான பட்டத்துக்கு இருபது பேரை ஒரே மேடையில ஏத்தி விட்டாங்க. அதுல கடைசியா நின்னவருதான் நம்ம கிரேட் காளி.

இமாச்சலப் பிரதேசத்துல திராயினான்னு மலைக் கிராமம். அங்க ஏழை வீட்டுல பிறந்த தலீப் சிங் ராணா, கூலி வேலை பார்த்து, பஞ்சாப் போலீசுல சேர்ந்து, அமெரிக்கா போனவரு. ஏழடிக்கு மேல உயரம். இந்தியாவுல பிறந்து அந்தக் கம்பெனியில உலக சாம்பியன் ஆன முதல் ஆளு. டென் ஸ்போர்ட்ஸ்ல அதைப் பார்த்த ராத்திரி எங்க தெருவுல வெடி போட்டானுங்க. தீபாவளிக்கு வாங்கி மிச்சமிருந்த நமத்துப்போன வெடி. பாதி வெடிக்கல. ரெண்டு மாசத்துல, செப்டம்பர் 16-ந் தேதி, பட்டிஸ்டாகிட்ட பட்டம் போயிருச்சு.

காளி மல்யுத்தம் நல்லாப் போடுவாரான்னு கேட்டா, இல்லங்க. நடக்கவே சிரமப்படுவாரு. அப்ப நாங்களும் சிரிச்சோம். அந்த உயரத்துக்குக் காரணம் மூளைக்கு அடியில பிட்யூட்டரி சுரப்பியில இருந்த கட்டி. 2012-ல அதை ஆபரேசன் பண்ணி எடுத்தாங்க. சீட்டுக்கட்டுல உயரம்னு போட்டு நாம மார் தட்டுனது ஒரு நோவோட அளவு.

அந்த வெடி போட்டவங்கள்ல என் கூட்டாளி ஒருத்தன் இருந்தான். லோடு ஏத்துற வேலை. காசா, கல்லாமை கூடை கூடையா லாரியில ஏறும்போது பலகை மேல அவன் ஏறி இறங்குறதைப் பார்க்கணும், தேர் வடம் இழுக்கிற மாதிரி ஒரு தாளம் இருக்கும். அவன் பக்கத்துல இருந்தா எனக்கு ரெண்டு ஆளு கூலி மிச்சம். நாலு வருசத்துக்கு முன்னாடி மழை ஈரத்துல பலகை வழுக்கி, கூடையோட சாஞ்சான். டிஸ்க் விலகிருச்சு. இனிமே பாரம் தூக்கவே கூடாதுன்னுட்டாங்க. இப்ப தோப்புக் காவல். எனக்குத் துணைக்குப் படுக்கிறவன் அவன்தான்.

அவனுக்கு எட்ஜோட கதையைச் சொன்னேன். 2011 ஏப்ரல் 3-ந் தேதி, ரெஸில்மேனியாவுல அதே தங்க பெல்ட்டுக்குச் சண்டை போட்டு ஜெயிச்சாரு. எட்டு நாள் கழிச்சு மேடையில ஏறி, கழுத்துல தண்டுவடம் போற வழி குறுகிப் போச்சு, இன்னொரு அடி தப்பா விழுந்தா நடமாட்டமே போயிரும், இதோட நிறுத்திக்கிறேன்னாரு. வயசு முப்பத்தேழு. பட்டம் இடுப்புல இருக்கும்போதே. அந்த வீடியோவை அவன் ரெண்டு தடவை பார்த்தான். பாசை புரியல. ஆனா கழுத்தைக் காட்டுற இடம் புரிஞ்சது.

ரெண்டு வருசத்துல அந்தப் பட்டத்தையே இன்னொண்ணோட சேர்த்து மூடிட்டாங்க. 2013 டிசம்பர்ல ஜான் சீனாவைத் தோக்கடிச்ச ராண்டி ஆர்ட்டன்தான் கடைசி. 2023-ல அதே பேருல புதுசா ஒண்ணு வந்திருக்கு, அது வேற கணக்கு.

எட்ஜ் 2020-ல திரும்ப வந்துட்டாருன்னு சொன்னதும் எந்திரிச்சு உக்காந்துட்டான்.

"எப்படி மாப்ள, ஆபரேசனா?"

"ஆபரேசன், பயிற்சி, ஒம்பது வருசம்."

கொஞ்ச நேரம் சத்தமில்ல. அங்கிட்டு வவ்வால் ஒண்ணு மாங்காயைக் கடிச்சுப் போட்டுச்சு.

"அந்த ஒம்பது வருசமும் கம்பெனி சம்பளம் கொடுத்துச்சா? நம்ம நலவாரிய அட்டை மாதிரி ஏதாச்சும் அவனுக்கு உண்டா?"

மேடையில பட்ட அடிக்கு வைத்தியச் செலவைக் கம்பெனி பார்த்துக்கும், ஆனா ரெஸ்லர் யாரும் அங்க நிரந்தர ஆளு கிடையாது, எல்லாருமே கான்ட்ராக்ட்தான்னு சொன்னேன்.

"அப்ப நம்ம கணக்குதான்"னு சொல்லிட்டு, டார்ச்சை எடுத்துக்கிட்டு வவ்வால் விரட்டப் போனான். குனிய முடியாது, அதனால நெட்டுக்க நிமிர்ந்தே நடந்தான்.